முதல் கருவின் நடு மாதங்கள்: அவள் சொல்வதைக் கேளுங்கள்



நமது டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பிரசவம் தொடர்பானவை ஒருபோதும் குறைந்ததில்லை. மனுவோடு இணைத்திருக்கும் மருத்துவச் சீட்டுகளைப் புரட்டிப் பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. முதல் மூன்று மாதத்தில் வாந்தி, மயக்கம் என்று அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். எட்டாம், ஒன்பதாம் மாதத்திலும் போயிருப்பார்கள். இடையில் ஐந்தாம், ஆறாம் மாதத்துக்கான பக்கம் பல சீட்டுகளில் காலியாக இருக்கும். கேட்டால், "வாந்தி நின்னு போச்சு, நல்லா சாப்பிட்டா, நல்லாத்தானே இருந்தா" என்பார்கள். ரத்தச் சோகையும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சத்தமில்லாமல் வளர்வது பெரும்பாலும் அந்த நல்லாயிருந்த மாதங்களில்தான். ஆகவே இந்த இதழின் குடும்பப் பாடத்துக்கு அந்த நடு மாதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் பிள்ளையைச் சுமக்கும் பெண்ணை மனதில் வைத்தே எழுதுகிறேன். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்காரிக்கு எது சாதாரணம், எது இல்லை என்று ஓரளவு தெரியும். இவளுக்குத் தெரியாது.

ஆண் ஒருவர் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மதரஸாவில் ஹைளு, நிஃபாஸ் பாடங்களை மீசை முளைக்காத வயதிலேயே நாங்கள் ஓதினோம். உஸ்தாது வெட்கப்படாமல் நடத்தினார், நாங்களும் சிரிக்காமல் ஓதினோம். குர்ஆனே கருவறையைப் பற்றி வெளிப்படையாகப் பேசும்போது நமக்கு என்ன கூச்சம்?

அல்அஃராஃப் அத்தியாயத்தின் 189ஆம் வசனம் கர்ப்பத்தை இரண்டு கட்டமாகச் சொல்கிறது. முதலில் அவள் சுமப்பது இலேசான சுமை, அதோடு நடமாடிக்கொண்டிருக்கிறாள். பிறகு அது கனத்துப் போகிறது. கனத்த பின் இருவரும் தங்கள் இறைவனிடம் நல்ல பிள்ளையைக் கேட்டு துஆச் செய்கிறார்கள். அரபி இலக்கணம் படித்தவர்கள் கவனித்திருப்பார்கள்: துஆச் செய்வதற்கு அங்கே வந்திருக்கும் சொல் "தஅவா". அது இருவரைக் குறிக்கும் வடிவம். சுமப்பதைச் சொல்லும்போது ஒருத்தியைச் சொன்ன வசனம், கேட்பதைச் சொல்லும்போது கணவனையும் சேர்த்துக்கொள்கிறது. இலேசு கனமாக மாறும் இடம்தான் நம் நடு மாதங்கள். வசனத்தின்படி பார்த்தால் கணவன் உள்ளே வர வேண்டிய இடமும் அதுவே.

முதலில் கணக்கை நேர் செய்துகொள்வோம். வீட்டுப் பெரியவர்கள் மாதக் கணக்கில் பேசுவார்கள். அதிலும் "அஞ்சு நடக்குது" என்பது வேறு, "அஞ்சு முடிஞ்சுது" என்பது வேறு. நம்மில் சிலர் பிறை மாதத்தில் எண்ணுகிறோம். ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து வாரக் கணக்கு போடுகிறார்கள்; மொத்தம் 40 வாரம். கரு உண்மையில் உண்டாவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. இந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று மோதி, 24 வாரத்தில் செய்ய வேண்டிய பரிசோதனையை 28 வாரத்தில் செய்தவர்கள் உண்டு. கடைசித் தீட்டு வந்த தேதியை ஆங்கிலத் தேதியாக அட்டையின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதன் பிறகு வாரக் கணக்கு மட்டும் போதும்.

120 நாளில் கருவுக்கு ரூஹு ஊதப்படுகிறது என்ற கருத்தில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் நமக்குத் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. முதல் கருவில் பிள்ளை அசைவதைத் தாய் உணரத் தொடங்குவது பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில். இரண்டையும் முடிச்சுப் போட்டு, "விஞ்ஞானம் இப்போதுதான் கண்டுபிடித்தது" என்று பயான்களில் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. கரு அதற்கு முன்பே அசையத் தொடங்கிவிடுகிறது. தாய்க்குத் தெரிவதுதான் அப்போது. ரூஹைப் பற்றிய விஷயத்தை அல்லாஹ்வின் அறிவுக்கு விட்டுவிட்டு, அந்த அசைவு அவளுக்கு என்னவாக இருக்கிறது என்று பார்ப்போம்.

முதல் அசைவு உதை போல இருப்பதில்லை. குமிழி வெடிப்பது போல, தண்ணீருக்குள் சின்ன மீன் வால் தட்டுவது போல, கண் இமை துடிப்பது போல என்றெல்லாம் பெண்கள் சொல்கிறார்கள். வாயு என்று நினைத்துவிடுவதும் உண்டு. நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் ஒட்டியிருந்தால் அசைவு தெரிவது இன்னும் சில நாள் தாமதமாகும். முதல் பிள்ளைக்காரிக்கு இது எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண், "எனக்கு நாலாம் மாசத்திலேயே துள்ளுச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். இவள் இரவு முழுக்க வயிற்றில் கை வைத்துக்கொண்டு விழித்திருப்பாள். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அது மூன்றாவது பிள்ளையாக இருந்திருக்கும். அடுத்தடுத்த கருவில் அசைவு முன்னதாகவே தெரியும்.

20 வாரத்தை ஒட்டி அசைவுகளுக்கு ஒழுங்கு இருக்காது. ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. அதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் 24 வாரம் முடிந்தும் ஒருமுறைகூட அசைவு தெரியவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஏழாம் மாதம் பிறந்த பின் பிள்ளைக்கு என்று ஒரு வழக்கம் வந்துவிடும். அந்த வழக்கமான அசைவு குறைந்துவிட்டது என்று அவள் சொன்னால், "தூங்கும், காலையில பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே, இரவானாலும், போக வேண்டும்.

அசைவு குறைந்தது என்பதை வீட்டில் வேறு யாராலும் சொல்ல முடியாது. மாமியாரால் முடியாது, கணவரால் முடியாது, ஒன்பது பெற்ற பாட்டியாலும் முடியாது. அவள் ஒருத்தி சொன்னால்தான் உண்டு. அல்பகரா அத்தியாயத்தின் 228ஆம் வசனம் இத்தாவின் சட்டத்தைச் சொல்லும்போது, கருவறையில் அல்லாஹ் படைத்திருப்பதைப் பெண்கள் மறைக்கக் கூடாது என்கிறது. இதிலிருந்து நம் இமாம்கள் ஒரு சட்டம் எடுக்கிறார்கள்: அந்த விஷயத்தில் அவளுடைய சொல்லே எடுத்துக்கொள்ளப்படும். மறைக்காதே என்று அவளுக்குக் கட்டளை இருக்கிறது என்றால், சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது மற்றவர்களுக்கு உள்ள கடமை. வசனம் வந்த இடம் இத்தா என்றாலும், இந்த நியாயத்தை நம் வீட்டு வரவேற்பறைக்கும் கொண்டு வரலாம் என்று நினைக்கிறேன். ஒரு பெண்ணின் வார்த்தை காழியின் முன்னால் செல்லுபடியாகும், மாமியாரின் முன்னால் செல்லாது என்றால் அது என்ன நீதி?

சொல்ல இடமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மஹல்லாவிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குடும்பத்தின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் எதுவும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து ஒரு வருடம். கணவர் வளைகுடாவில். பெண்ணுக்கு ஆறாம் மாதம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அது பாதி உண்மைதான். நடு மாதங்களில் ஓரளவு மூச்சு வாங்குவது இயல்பு. ஆனால் ஒருநாள் தொழுகையில் நின்றவள் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டாள். ரத்தத்தைப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8 கிராம்கூட முழுதாக இல்லை. சத்து மாத்திரை கொடுக்கவில்லையா என்று நர்ஸம்மா கேட்டார். கொடுத்திருந்தார்கள். விழுங்கினால் மலம் கருப்பாகப் போகிறது என்று பயந்து, இரண்டு மாதமாக மாத்திரைகளைப் பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். பிள்ளைக்கு ஏதோ ஆகிறது என்று நினைத்திருக்கிறாள். மாமியிடம் சொல்ல வெட்கம். கணவரிடம் போனில் சொன்னால் அவர் அங்கே தூங்காமல் இருப்பார் என்ற கவலை. உம்மாவிடம் சொன்னால் மாமி வீட்டைப் பற்றிக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற அச்சம். இரும்புச்சத்து ஊசி போட்டு, சாப்பாட்டைச் சரி செய்து, அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாகப் பெற்று எடுத்தாள். யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல குடும்பம்தான். "உனக்கு எப்படி இருக்கு?" என்று உட்கார்ந்து கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாத்திரையைப் பற்றி விளக்கமாகவே எழுதிவிடுகிறேன். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடுகிறது. ஆனால் அதில் நீர்ப்பகுதிதான் அதிகம் கூடுகிறது, சிவப்பணுக்கள் அதே வேகத்தில் கூடுவதில்லை. பிள்ளையும் தன் பங்கு இரும்புச்சத்தைத் தாயிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளைக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் சோகை. 7க்குக் கீழே என்றால் ஆபத்தான சோகை. மாத்திரையால் மலம் கருப்பாவது இயல்பு, அதில் கெடுதல் இல்லை. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். தேநீர், காப்பி, பாலோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதே நேரத்தில் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்று காலையில், ஒன்று இரவில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறோ, கொய்யாவோ, நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். மலச்சிக்கல் வரும், தண்ணீர், கீரை, பழம் கூடுதலாக வேண்டும். இறைச்சி சாப்பிட்டவுடன் ஒரு தேநீர் என்ற நம் ஊர்ப் பழக்கத்தை இந்தச் சில மாதங்களுக்காவது ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும். ஒன்று மட்டும்: இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி இரண்டு தட்டுச் சோறு வைக்கிறார்கள். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்கு 350 கலோரி அளவுதான். ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி சுண்டல் வைத்தால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வந்துவிடும். சோற்றையும் இனிப்பையும் கூட்டினால் வருவது சர்க்கரை. 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை கட்டாயம். முதல் பதிவின்போதே ஒருமுறை பார்த்திருந்தாலும் இரண்டாவது தடவை பார்க்க வேண்டும். ஏனெனில் கர்ப்பகாலச் சர்க்கரை பெரும்பாலும் இந்த நடு மாதங்களில்தான் தலைகாட்டுகிறது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் போக வேண்டும் என்ற நிபந்தனைகூட இதில் இல்லை. இந்த எளிய முறையை உருவாக்கிப் பரப்பியவர் நம் சென்னை மருத்துவர் சேஷையா அவர்கள்தான். குளுக்கோஸ் குடிக்கத் திகட்டும் என்று தட்டிக் கழிப்பவர்கள் உண்டு. ஒரு டம்ளர் இனிப்புத் தண்ணீர்தானே, தாய்மார்களே.

18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் பிள்ளையின் தலை, முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம், கை கால் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். இதைத் தாமதப்படுத்தாதீர்கள். ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் ஜாடையாகக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்வதும், சொல்லக் கேட்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். இம்ரானுடைய மனைவி வயிற்றில் இருந்த பிள்ளையை அல்லாஹ்வுக்கு என்று நேர்ந்துகொண்டார். ஆண் பிள்ளையை எதிர்பார்த்தவர், பிறந்ததும் பெண்ணாகிவிட்டதே என்றார். அந்தப் பெண்தான் மர்யம் (அலை). ஆலு இம்ரான் அத்தியாயத்தை வருடம் தவறாமல் ஓதும் வீடுகளில் அந்தக் கேள்வி வரவே கூடாது.

ஸ்கேனுக்கு ஆண் டாக்டர் இருக்கிறார் என்று திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம்தான் போக வேண்டும். கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்து தருகிறார்கள். கிடைக்காதபோது, தேவையான அளவுக்கு, மஹ்ரமோ இன்னொரு பெண்ணோ கூட இருக்க, ஆண் மருத்துவரிடம் காட்ட நம் மத்ஹபுகள் இரண்டுமே அனுமதிக்கின்றன. வெட்கம் ஈமானில் ஒரு பகுதிதான். ஆனால் அதைக் காரணம் காட்டிப் பிள்ளையின் இதயத்தைப் பார்க்காமல் விடச் சொல்லி மார்க்கம் சொல்லவில்லை.

இனி மஸ்அலாக்களில் மிக முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். நம் ஊரில் ஷாஃபிஈகளும் இருக்கிறோம், ஹனஃபீகளும் இருக்கிறோம். கர்ப்பிணிக்கு இரத்தம் பட்டால் ஹனஃபீ மத்ஹபில் அது ஹைளு ஆகாது. தொழுகையை விடக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி ஹைளுக்குரிய நிபந்தனைகள் இருந்தால் அது ஹைளாகவே கொள்ளப்படும். இது தொழுகை, நோன்பு பற்றிய சட்டம். இதை அரைகுறையாகக் கேட்ட சில பெண்கள், "மாசமா இருக்கும்போதும் வருமாம், கிதாபிலேயே இருக்காம்" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கிதாபு தொழுகையின் சட்டத்தைச் சொல்லியது, உடம்பின் நிலையைச் சொல்லவில்லை. ஐந்தாம், ஆறாம் மாதத்தில் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் முதலில் ஆஸ்பத்திரி. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கலாம், கருப்பை வாய் திறந்திருக்கலாம். ஆலிமாவிடம் சட்டம் கேட்பது திரும்பி வந்த பிறகு. இரத்தம் மட்டுமல்ல, தண்ணீர் போல வழிந்தாலும், விட்டு விட்டு வயிறு இறுகி வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் எரிச்சலோடு போனாலும் அதே கதைதான்.

ரத்த அழுத்தத்தைத் தனியே சொல்ல வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு வரும் கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறு முதல் கர்ப்பத்தில்தான் அதிகம் வருகிறது. மாலையில் கால் லேசாக வீங்குவது பல பேருக்கு உண்டு. முகமும் கையும் வீங்கினால், மோதிரம் கழற்ற முடியாமல் போனால், விடாத தலைவலி வந்தால், கண் மங்கினால், மேல் வயிற்றில் வலித்தால் அது வேறு விஷயம். 140க்கு 90 என்ற அளவு வந்துவிட்டால் அலட்சியம் கூடாது. தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிட்டு மறுநாள் பார்க்கிற தலைவலி அல்ல இது.

தொழுகை நிலையில் மூச்சு முட்டினால் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம். இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தந்த சலுகை இது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சாப்பிட்டவுடன் ஸஜ்தாவுக்குப் போனால் நெஞ்சு எரியும்; சற்றுப் பொறுத்துத் தொழுதால் சரியாகிவிடும். தும்மினால், இருமினால் சிறுநீர் சொட்டுவது இந்த மாதங்களில் சகஜம். ஒளுவைத் திரும்பச் செய்துகொள்ள வேண்டியதுதான். நிற்காமல் போகிறது என்றால் அதற்கு உஸ்ருடையவர்களின் சட்டம் தனியாக இருக்கிறது. நமது பெண்கள் மதரஸா ஆலிமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோன்பைப் பற்றி ரமளான் நெருங்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் அல்லாஹ் நோன்பில் சலுகை தந்திருப்பதாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் திர்மிதியிலும் அபூதாவூதிலும் இருக்கிறது. தனக்கோ பிள்ளைக்கோ கேடு வரும் என்று அஞ்சினால் அவள் விடலாம். ஹனஃபீ மத்ஹபில் பிறகு களாச் செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் தன் உடம்புக்காக அல்லது இருவருக்காகவும் பயந்து விட்டால் களா மட்டும். பிள்ளைக்காக மட்டும் பயந்து விட்டால் களாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் ஃபித்யாவும் கொடுக்க வேண்டும். ஹீமோகுளோபின் 8ல் இருக்கும் பெண், மாமி நோன்பு வைக்கிறாரே, நாம் எப்படி மாமியின் முன்னால் சாப்பிடுவது என்று நோன்பு பிடிப்பது தக்வா அல்ல, கூச்சம். அந்த வீட்டின் மாமிமார்களே முன்வந்து, "நீ சாப்பிடும்மா, அல்லாஹ்வே சலுகை தந்திருக்கான்" என்று தட்டை எடுத்து வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

உடம்பைவிட மனதைப் பற்றித்தான் அதிகம் எழுத நினைத்தேன். முதல் கருவைச் சுமப்பவளுக்கு நடு மாதத்தில் வயிறு வெளியே தெரியத் தொடங்குகிறது. 20 வாரத்தில் கருப்பை தொப்புள் வரை வந்துவிடும். அதுவரை அவளுக்கும் வீட்டுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் ஊர் பேசும் விஷயமாகிறது. வயிறு சின்னதாக இருக்கிறதே, பெரிதாக இருக்கிறதே, முகம் கறுத்திருக்கிறதே, பெண்தான். கல்யாண வீட்டில் ஒருத்தி தன் நாத்தனாருக்கு எட்டாம் மாதத்தில் நடந்ததைச் சொல்வாள், இன்னொருத்தி ஆபரேஷன் கதையைச் சொல்வாள். இவள் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். இரவில் கெட்ட கனவு வரும். காரணமில்லாமல் அழுகை வரும். கண்ணேறு என்று சொல்லித் தாயத்துக்கு அலைவார்கள். ஆயத்துல் குர்ஸியும் ஃபலக், நாஸ் அத்தியாயங்களும் ஓதி ஊதிக்கொள்ளட்டும். அதற்குப் பணம் வாங்கும் ஆள் தேவையில்லை. மருந்தும் அல்லாஹ் இறக்கியதுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மர்யம் (அலை) அவர்களின் நிகழ்ச்சியை நாம் பிரசவ நேரத்தில் ஓதுவதற்கு மட்டும் வைத்திருக்கிறோம். அதில் வரும் வரிசையைக் கவனியுங்கள். வேதனை தாங்காமல், இதற்கு முன்பே இறந்து போயிருக்கக் கூடாதா என்று அவர் சொல்கிறார். அந்த வார்த்தைக்காக அவரை யாரும் கண்டிக்கவில்லை. முதலில் கவலைப்படாதே என்ற ஆறுதல் வருகிறது. பிறகு தண்ணீர், பிறகு பேரீச்சம்பழம். கடைசியாக, மனிதர்களைப் பார்த்தால் இன்று யாரோடும் பேச மாட்டேன் என்று நேர்ந்திருப்பதாகச் சொல்லிவிடு என்கிறான் அல்லாஹ். ஊரார் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பிலிருந்தே அவரை விடுவித்துவிட்டான். நம் வீட்டு மர்யம்களுக்கு நாம் தரும் வரிசை எப்படி இருக்கிறது? முதலில் "இப்படியெல்லாம் பேசக் கூடாது" என்ற கண்டிப்பு, அப்புறம் ஊர்க் கேள்விகள், கடைசியில்தான் தண்ணீர்.

வெளிநாட்டில் இருக்கும் நம் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் வீடியோவில் பேசுகிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். "சாப்பிட்டியா?" என்ற கேள்விக்கு அவள் "சாப்பிட்டேன் மச்சான்" என்றுதான் சொல்வாள். பக்கத்தில் உங்கள் உம்மா இருப்பார். வாரத்தில் ஒரு நாளாவது அவள் தனியாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள். கடைசியாக ரத்தம் பார்த்த எண் என்ன, அடுத்து எந்தத் தேதியில் போக வேண்டும், யார் கூடப் போகிறார்கள் என்று கேளுங்கள். மாத்திரைப் பட்டையைக் கேமராவில் காட்டச் சொல்லுங்கள். ஆட்டோவுக்கும் ஸ்கேனுக்கும் அவள் கையிலேயே பணம் இருக்கட்டும். மாமனாரிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் பாதிப் பெண்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். "தஅவா" என்ற சொல்லில் உங்கள் பங்கு துஆவோடு முடிந்துவிடுவதாக நினைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்தில் இறந்த பெண்ணுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்று ஹதீஸ் இருக்கிறது. ஜனாஸா வீட்டில் அதைச் சொல்லி ஆறுதல்படுத்துகிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் ரத்தம் பார்க்காமல், அழுத்தம் பார்க்காமல், அவள் சொன்ன தலைவலியைக் கேட்காமல் விட்ட வீட்டார் அந்த ஹதீஸைத் தங்களுக்குச் சமாதானமாக எடுத்துக்கொள்ள உரிமை இல்லை. அந்த நன்மாராயம் அவளுக்கு உரியது.

ஏழாம் மாதத்தில் மண்டபம் பிடித்து, நகை போட்டு, நூறு பேருக்கு விருந்து வைக்கும் பழக்கம் நம்மிடம் வளர்ந்து வருகிறது. கடன் வாங்கிச் செய்கிறார்கள், இரண்டு மாதம் கழித்துப் பிரசவச் செலவுக்கு டிரஸ்டில் மனு தருகிறார்கள். இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

நடைமுறை விவரங்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் உறுதியானதும் கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் காட்டுபவர்களுக்கும் இது தேவை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களில் 19 வயது நிரம்பிய தாய்மார்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. அதில் 14,000 ரூபாய் பணமாகவும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். பணம் தவணை தவணையாகத் தாயின் வங்கிக் கணக்குக்கு வருவதால் அவள் பெயரிலேயே கணக்கு இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் முகவரி மாற்றாதவர்கள் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில், நான்காம் மாதம் முதல் உள்ள கர்ப்பிணிகளை மருத்துவரே பார்க்கும் இலவச முகாம் நடக்கிறது. அவசரத்துக்கு 108.

டிரஸ்டில் உதவி கேட்டு வருபவர்கள் இனிமேல் கர்ப்பகால அட்டையின் எல்லாப் பக்கங்களின் நகலையும் இணைக்க வேண்டுகிறோம். ஐந்தாம், ஆறாம் மாதப் பக்கம் காலியாக இருந்தால் மனு தள்ளுபடி ஆகாது. அலுவலகத்தில் உள்ள சகோதரி முதலில் உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வருவார், மனுவை அதற்குப் பிறகு பார்ப்போம்.